பின்னால் வருபவரின் பிரேக்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குக் கிளம்பும் கூட்டத்தோடு சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். எங்கோ பாலம் வேலை நடக்கிறது. இரண்டு தடங்களில் ஒன்றை அடைத்துத் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். 'சாலை குறுகுகிறது' என்ற பலகையை அரை கிலோமீட்டருக்கு முன்பே பார்த்த பலர், அப்போதே திறந்திருக்கும் தடத்துக்கு மாறி வரிசையில் நின்றுவிடுகிறார்கள். பக்கத்துத் தடம் காலியாகக் கிடக்கிறது. அதில் ஒரு கார் விர்ரென்று கடைசிவரை போய், தடுப்புக்கு முன்னால் மூக்கை நுழைக்கிறது. வரிசையில் நிற்பவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. ஒருவர் முன்வண்டியோடு ஒட்டிக்கொண்டு இடம் தர மறுக்கிறார். இன்னொருவர் இரண்டு தடங்களுக்கும் நடுவே வண்டியைப் போட்டு, எவரும் முந்தாதபடி நாட்டாமை செய்கிறார்.

யார் பக்கம் நியாயம்? வரிசையில் நின்றவர் பக்கம் என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். போக்குவரத்து அறிவியல் வேறு தீர்ப்புச் சொல்கிறது. அந்தத் தீர்ப்பு ஏன் அப்படி என்று புரிய, நெரிசல் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காரணமே இல்லாத நெரிசல்

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூகி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் 2008-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டுங்கள் என்றார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே மாடு இல்லை. தடம் மாறலாம் என்றால் இன்னொரு தடமே இல்லை. முதலில் கார்கள் ஒழுங்காகத்தான் ஓடின. கொஞ்ச நேரத்தில் ஓரிடத்தில் கார்கள் நெருங்கத் தொடங்கின. சில முழுவதுமாக நின்றே போயின. அந்த நெரிசல் அதே இடத்திலும் நிற்கவில்லை. கார்கள் முன்னோக்கி ஓட, நெரிசல் மட்டும் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது.

இந்தச் சோதனையில் எவரும் தவறு செய்யவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. 230 மீட்டரை 22 கார்களுக்குப் பங்கிட்டால், ஒரு காரின் முகப்பிலிருந்து அடுத்த காரின் முகப்புவரை பத்தரை மீட்டர்கூட வராது. அவ்வளவு நெருக்கத்தில் முன்னால் இருப்பவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தால், பின்னால் இருப்பவர் அதைக் கவனித்துக் காலை அசைக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடிக்குள் இடைவெளி சுருங்கிவிடுவதால், அவர் முன்னவரைவிடச் சற்று அழுத்தமாகப் பிரேக்கை மிதிக்க வேண்டியிருக்கிறது. அடுத்தவர் அதைவிட அழுத்தமாக மிதிக்கிறார். இப்படியே கூடிக்கொண்டு போய், பத்துப் பதினைந்து வண்டிகளுக்குப் பின்னால் இருப்பவர் நின்றேவிடுகிறார். முதலில் காலை எடுத்தவருக்கு இது தெரியப்போவதே இல்லை. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

நெடுஞ்சாலைகளில் இந்த நெரிசல் அலை மணிக்குச் சுமார் 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் போகிறது. கணக்குப் போட்டே இதைப் பார்க்கலாம். நின்றுகிடக்கும் வரிசையில் ஒரு வண்டி ஏழெட்டு மீட்டர் இடத்தை அடைக்கிறது. முன்வண்டி கிளம்பியபின் அடுத்த வண்டி கிளம்ப இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. அப்படியானால் 'கிளம்புதல்' என்ற நிகழ்ச்சி நொடிக்கு நான்கு மீட்டர் வீதம், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் வீதம், பின்னால் நகர்கிறது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் லைட்ஹில், ஜெரால்டு விட்ஹாம் என்ற இரு கணித அறிஞர்கள் 1955-இலேயே இதற்கான கணிதத்தை எழுதிவிட்டார்கள். அவர்களுடைய ஆய்வின் முதல் பகுதி நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வதைப் பற்றியது. இரண்டாம் பகுதி நெரிசலான சாலைகளைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே கணிதம் பொருந்தியது.

ஆக, நெரிசலான சாலையில் ஒருவர் போடும் பிரேக் அவரோடு முடிவதில்லை. தடம் மாறுவதற்கும் இன்னொரு தடத்தோடு சேர்வதற்கும் உள்ள ஒழுங்குகள் எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம்: 'என்னால் பின்னால் வருபவர் பிரேக் போட வேண்டி வருமா?'

இரண்டு நொடிக் கணக்கு

முன்வண்டிக்கும் நமக்கும் இடையில் இரண்டு நொடி இடைவெளி வேண்டும் என்பது ஓட்டுநர் பயிற்சியில் உலகெங்கும் சொல்லித்தரும் பாடம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி என்பது 44 மீட்டர். இந்த இடைவெளியோடு போனால் ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1,800 வண்டிகள் கடக்கும். நடைமுறையில் நல்ல நெடுஞ்சாலையின் ஒரு தடம் மணிக்கு 2,000 கார்களையும் அதற்குச் சற்று மேலும் கடத்திவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் கடத்தாது.

இரண்டு தடம் ஒன்றாகும் குறுகலில் இந்த எண்தான் எஜமான். இரண்டு நொடிக்கு ஒரு வண்டி. அதாவது ஒவ்வொரு தடத்துக்கும் நான்கு நொடிக்கு ஒருமுறை வாய்ப்பு. இப்போது குறுகலின் வாயில் இரண்டு பேர் முட்டிக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். 'நீயா நானா' என்று இருவரும் பிரேக் போட்டுத் தயங்கியதில் ஒரு வண்டி போக வேண்டிய இரண்டு நொடி வீணாகிறது. அந்த இரண்டு நொடியை இனி எவராலும் மீட்க முடியாது. பின்னால் 300 வண்டிகள் காத்திருந்தால் ஒவ்வொன்றும் இரண்டு நொடி தாமதமாகும். கூட்டிப் பார்த்தால் பத்து நிமிடம். ஒரே ஒரு தயக்கத்தின் விலை இது. பத்து பேர் முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இதோடு இன்னொரு நட்டமும் சேர்கிறது. வரிசை ஒருமுறை நின்றுவிட்டால், குறுகலிலிருந்து வெளியேறும் வண்டிகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடுகிறது. நின்று கிளம்பும் வண்டி முன்வண்டியைவிட்டு விலகிப்போய்த் தாமதமாகத்தான் வேகம் எடுக்கிறது. ஓடிக்கொண்டே கடந்திருந்தால் போயிருக்கக்கூடிய எண்ணிக்கை நின்று கிளம்பும்போது போவதில்லை.

ஒன்று விட்டு ஒன்று

ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதற்கு ஒரு முறையை எழுதிவைத்திருக்கிறது. ஒரு தடம் முடிகிறது என்றால், அந்தத் தடத்தில் வருபவர்கள் குறுகலின் தொடக்கம்வரை வந்து, திறந்திருக்கும் தடத்தில் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் ஒன்றாக நுழைய வேண்டும். அந்தத் தடத்தில் இருப்பவர்கள் இடம் தர வேண்டும். பேண்ட் ஜிப்பின் பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறிக் கோத்துக்கொள்வதுபோல என்பதால் இதற்கு ஜிப் முறை என்று பெயர். ஆஸ்திரியாவிலும் இதுவே சட்டம். சுவிட்சர்லாந்து 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் போக்குவரத்துத் துறை பல ஆண்டுகளாக இதைப் பரப்பிவருகிறது. வரிசையின் நீளம் 40 விழுக்காடு வரை குறையும் என்பது அத்துறையின் கணக்கு.

வரிசை ஏன் குறைகிறது என்பது எளிய கணக்கு. 200 கார்கள், காருக்கு ஏழு மீட்டர். ஒரே வரிசையில் நின்றால் 1,400 மீட்டர். இரண்டு வரிசையில் நின்றால் 700 மீட்டர். வரிசையின் வால் பின்னால் இருக்கும் சிக்னலையோ மேம்பாலத்தின் இறக்கத்தையோ தொட்டுவிட்டால், இந்தக் குறுகலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வண்டிகளும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் நடக்கும் வேலைக்காகப் பல்லாவரத்தில் நிற்க நேர்வது இப்படித்தான்.

ஜிப் முறையால் குறுகலைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு நொடிக்கு ஒன்று என்ற கணக்கை எந்த முறையாலும் மாற்ற முடியாது. லாபம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. வரிசை குட்டையாகிறது. ஒரு தடம் நின்றுகிடக்க மறு தடம் பறக்கும் ஆபத்தான வேக வேறுபாடு மறைகிறது. எல்லோரும் ஒரே இடத்தில் முறைவைத்து நுழைவதால் எந்தத் தடத்தில் நின்றாலும் காத்திருப்பு ஒன்றே என்ற நிலை வருகிறது. கோபத்துக்கு வேலை இல்லை.

ஆகவே, தொடக்கத்தில் பார்த்த வழக்கின் தீர்ப்பு இது: நெரிசல் இருக்கும்போது காலித் தடத்தில் கடைசிவரை போனவர் குற்றவாளி அல்லர். அரை கிலோமீட்டருக்கு முன்பே தடத்தைக் காலி செய்தவர்கள், சாலையின் பாதியை வீணாக்கினார்கள். நடுவில் வண்டியைப் போட்டு நாட்டாமை செய்தவர் எல்லோருக்கும் இடைஞ்சல்.

இந்தத் தீர்ப்பைச் சாக்காக வைத்து இன்னொரு திருட்டுத்தனத்துக்கும் நியாயம் கேட்க முடியாது. சிக்னலில் நேராகப் போக வேண்டியவர், ஃப்ரீ லெஃப்ட் தடத்தில் முன்னால் வரை போய் நின்று, பச்சை விழுந்ததும் வலப்பக்கம் வெட்டுகிறாரே, அது ஜிப் முறை ஆகாது. அந்தத் தடம் அங்கே முடியவில்லை. இடப்பக்கம் திரும்பும் ஐம்பது பேருக்கு அது வழி. அவர்களை அடைத்துக்கொண்டு நிற்பதும், தார்ச்சாலையை விட்டு இறங்கி மண்ணில் புழுதி கிளப்பி முந்துவதும் மற்றவர்களின் நேரத்தைப் பறிப்பதுதான்.

ஓட்டம் இருக்கும்போது

வண்டிகள் தடையில்லாமல் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது கடைசிவரை போகும் பேச்சே கூடாது. அப்போது பலகையைப் பார்த்ததுமே நல்ல இடைவெளியைத் தேடி, வேகம் குறையாமல் மாறிவிட வேண்டும். அதே கேள்விதான் இங்கும் பதில் சொல்கிறது: வேகமான ஓட்டத்தில் கடைசி நேரத்தில் நுழைந்தால் பின்னால் வருபவர் பிரேக்கில் ஏறி நிற்க வேண்டிவரும்.

சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்தை எடுத்துக்கொள்வோம். நாம் 40-இல் ஏறுகிறோம்; பின்னால் 50 மீட்டர் தூரத்தில் ஒரு பேருந்து 80-இல் வருகிறது. வேக வேறுபாடு நொடிக்கு 11 மீட்டர். நாலரை நொடியில் பேருந்து நம் பம்பரைத் தொட்டுவிடும். அதில் ஒன்றரை நொடி ஓட்டுநர் நம்மைப் பார்த்துக் காலை மாற்றுவதிலேயே போய்விடும். இதனால்தான் ஏறும் இடங்களில் பிரதான சாலைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் தனித்தடம் போடுகிறார்கள். அது வேகம் எடுப்பதற்கான தடம். நம்மில் பலர் அதன் தொடக்கத்திலேயே வண்டியைக் குறுக்காக நிறுத்தி, எட்டிப் பார்த்து, ஊர்ந்து நுழைகிறோம். அந்தத் தடத்தின் முழு நீளத்தையும் பயன்படுத்தி, ஓட்டத்தின் வேகத்துக்கு வந்தபின் சேர்ந்தால் பேருந்து பிரேக்கைத் தொடவே வேண்டாம். எனினும் முன்னுரிமை பிரதான சாலையில் வருபவருக்கே. இடைவெளி இல்லையென்றால் காத்திருக்க வேண்டியவர் ஏறுபவர்தான்.

ஏறுபவர்களை முறைப்படுத்தினால் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதை 2000-ஆம் ஆண்டு மினசோட்டா கண்டறிந்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் நெடுஞ்சாலைக்கு ஏறும் வழிகளில் சிக்னல் வைத்து, வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டுவந்தார்கள். சும்மா இருக்கும் சாலைக்குள் போகக் காத்திருக்கச் சொல்கிறார்களே என்று மக்கள் முணுமுணுக்க, மாநில சட்டமன்றம் அந்தச் சிக்னல்களைச் சில வாரம் அணைத்துப் பார்க்கச் சொன்னது. அணைத்ததும் நெடுஞ்சாலையில் கடந்த வண்டிகள் 9 விழுக்காடு குறைந்தன. பயண நேரம் 22 விழுக்காடு கூடியது. விபத்துகள் 26 விழுக்காடு கூடின. சிக்னல்கள் மறுபடி எரிந்தன.

வலது தடம் யாருக்கு?

இந்தியாவில் இடப்பக்கம் செல்ல வேண்டும், வலப்பக்கம் முந்த வேண்டும். 1989-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இதையே சொல்கின்றன. வலது ஓரத் தடம் முந்துவதற்கு. முந்தியபின் இடப்பக்கம் திரும்பிவிட வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். இடது தடத்தில் 58 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரியை, 60-இல் போகும் இன்னொரு லாரி முந்துகிறது. இரண்டு லாரிகளின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 60 மீட்டர் அதிகம் ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இதற்கு 108 நொடி ஆகும். அந்த நேரத்தில் இரண்டு லாரிகளும் ஜோடியாக 1,800 மீட்டர் போயிருக்கும். பின்னால் வந்த அத்தனை பேரும் 100-இலிருந்து 60-க்கு இறங்கியிருப்பார்கள். ஜெர்மானியர்கள் இதற்கு 'யானைப் பந்தயம்' என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

நம் லாரிகள் வலது தடத்தை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு ஓட்டுநரின் பிடிவாதம் மட்டும் காரணம் இல்லை. இடது தடத்தில் டீக்கடைக்கு முன்னால் நிறுத்திய வண்டிகள், எதிர்த்திசையில் வரும் பைக், விளக்கில்லாத டிராக்டர், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் எல்லாம் இருக்கின்றன. பாரம் ஏற்றிய லாரிக்கு ஒவ்வொரு முறை நின்று கிளம்புவதும் டீசல் செலவு. இடது தடத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டியது சாலையைப் பராமரிப்பவர்களின் பொறுப்பு; காலியாக இருக்கும்போது அதில் போக வேண்டியது ஓட்டுநரின் பொறுப்பு.

பக்கத்துத் தடம் ஏன் வேகமாகத் தெரிகிறது?

நாம் நிற்கும் தடம்தான் எப்போதும் மெதுவாக நகர்கிறது என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு. டொனால்ட் ரெடல்மியர், ராபர்ட் டிப்ஷிரானி என்ற கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1999-இல் 'நேச்சர்' இதழில் இதற்கு விடை எழுதினார்கள். நம் தடம் வேகமெடுக்கும்போது, பக்கத்தில் நெருங்கி நிற்கும் பத்து கார்களைச் சில நொடியில் தாண்டிவிடுகிறோம். நம் தடம் நிற்கும்போது, அந்தப் பத்து கார்களும் பரவலாக, ஒவ்வொன்றாக, நெடுநேரம் நம்மைத் தாண்டிப் போகின்றன. தாண்டிய கார்களின் எண்ணிக்கை சமம். தாண்டப்பட்டபடி இருந்த நேரம்தான் அதிகம். போதாக்குறைக்கு, நாம் தாண்டிய கார் கண்ணைவிட்டு மறைகிறது. நம்மைத் தாண்டிய கார் கண்முன்னே நிற்கிறது. சாலைக் காட்சியின் வீடியோவைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர், உண்மையில் சற்று மெதுவாக நகர்ந்த பக்கத்துத் தடத்தை வேகமானது என்றார்கள்.

இந்தத் தோற்றப்பிழையை நம்பி நெரிசலில் தடம் மாறுபவர் தானும் முன்னேறுவதில்லை. இரண்டு தடங்களிலும் ஒவ்வொரு அலையைக் கிளப்பிவிட்டுப் போகிறார்.

நம் சாலைக்கு இது பொருந்துமா?

'இதெல்லாம் கார் மட்டும் ஓடும் ஊருக்குச் சரி' என்று கேட்பது நியாயம். மூன்றரை மீட்டர் அகலத் தடத்தில் அங்கே ஒரு கார் போகிறது. இங்கே ஒரு ஆட்டோவும் ஒரு பைக்கும் சேர்ந்து போகின்றன. இந்திய சாலை காங்கிரஸின் நெடுஞ்சாலைக் கணக்குகளில் ஒரு மோட்டார் சைக்கிள் அரை காருக்கும், ஒரு பேருந்து அல்லது லாரி மூன்று காருக்கும் சமம். 'ஒன்று விட்டு ஒன்று' என்பதை இங்கே எழுத்துக்கு எழுத்து நடத்த முடியாது. இரண்டு கார்களுக்கு நடுவில் மூன்று பைக்குகள் புகுந்திருக்கும்.

ஆனால் கேள்வி மாறுவதில்லை. சுங்கச்சாவடியைக் கடந்ததும் பத்துப் பன்னிரண்டு கவுன்டர்களின் வண்டிகள் மூன்று தடத்துக்குள் அடங்கும் இடத்தில், இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பார்த்து, ஒரே வேகத்தில் சாய்ந்து சேர்பவரால் எவரும் பிரேக் போடுவதில்லை. முதலில் போய்விடலாம் என்று குறுக்கே வெட்டுபவரால் நான்கு பேர் போடுகிறார்கள். ஹெட்லைட்டை டிப் அடிப்பதையும் பாருங்கள். பிரிட்டனில் பல ஓட்டுநர்கள் 'நீங்கள் போங்கள்' என்பதற்கு விளக்கைச் சிமிட்டுவார்கள். நம் சாலையில் பெரும்பாலும் 'நான் வருகிறேன், ஒதுங்கு' என்று அர்த்தம். அதனால் இங்கே வழி விடுகிறேன் என்பதை விளக்கால் சொல்ல முடியாது. வேகத்தைச் சற்றுத் தளர்த்தி இடைவெளியைத் திறந்துகாட்டுவதே தெளிவான மொழி.

இது நேரம் பற்றிய பிரச்சினை மட்டும் இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்து 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

எல்லோரும் திருந்தினால்தானே பலன், நான் ஒருவன் ஒழுங்காக ஓட்டி என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். அதற்கும் சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டூசானில் ஆய்வாளர்கள் நகோயா சோதனையை மறுபடி நடத்தினார்கள். இருபதுக்கு மேற்பட்ட கார்கள் வட்டமடிக்க, வழக்கம்போல் நெரிசல் அலை எழுந்தது. பிறகு அவற்றில் ஒரே ஒரு காரைக் கணினியின் கட்டுப்பாட்டில் விட்டார்கள். அது செய்தது இவ்வளவுதான்: முன்வண்டியை முட்டிக்கொண்டு துரத்தாமல், இடைவெளி விட்டுச் சீரான வேகத்தில் போனது. அலை அடங்கியது. மொத்த எரிபொருள் செலவு 40 விழுக்காடு வரை குறைந்தது. 2018-இல் வெளியான முடிவு இது.

அந்தக் கணினி செய்ததை நம் கால்களும் செய்யும். முன்னால் இரண்டு நொடி விடுங்கள். நெரிசலில் தடம் முடியும்வரை போய், ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டுச் சேருங்கள். ஓட்டம் இருந்தால் முன்பே மாறுங்கள். முந்தியதும் இடப்பக்கம் வாருங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும் முன் கண்ணாடியைப் பார்த்து, பின்னால் வருபவர் பிரேக் போட வேண்டி வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால், அந்த இடைவெளி உங்களுடையது இல்லை, அடுத்தது வரும்.